1–3 வகுப்பு ஆசிரியர்களுக்கு மூன்று நாள் ஆங்கிலப் பயிற்சி: எதை வைப்பது, எதை விடுவது?

நாலுகோடு நோட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வட்டார வள மையத்தில் அடுத்த மாதம் மூன்று நாள் பயிற்சி. 1, 2, 3 வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் 40 பேர் வருவார்கள், பாதிப் பேர் ஈராசிரியர் பள்ளி. காலை 10 முதல் மாலை 4.30 வரை. சாப்பாட்டுக்கு முக்கால் மணி, இரண்டு தேநீருக்குக் கால் கால் மணி போனால் நாளுக்கு ஐந்தேகால் மணி நேரம் கையில் நிற்கும். கருத்தாளர்கள் (பயிற்சி நடத்துபவர்கள்) இரண்டு பேர்.

இப்போதைய வரைவு இது. முதல் நாள்: ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் (இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, அமைப்பு முறை, கருத்துப் பரிமாற்ற முறை), குழந்தை உளவியல். இரண்டாம் நாள்: ஃபோனிக்ஸ் (எழுத்துக்கு உரிய ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் முறை), ஆங்கிலத்தின் 44 ஒலிகள். மூன்றாம் நாள்: பாட்டு, விளையாட்டு, டிஎல்எம் (படம், அட்டை போன்ற கற்பித்தல் பொருள்) தயாரிப்பு, மதிப்பீடு.

மூன்று சந்தேகம். ஃபோனிக்ஸ் முதலா, பேச்சு முதலா? 44 ஒலியும் ஒரே நாளில் தேறுமா? 40 பேரும் மாதிரி வகுப்பு எடுக்க நேரத்தை எப்படிப் பிரிப்பது?

---

ஆசிரியர் பயிற்றுநர் 7

முதல் நாளை அப்படியே தூக்கிவிடுங்கள் சார். அந்த முறைகளின் பெயரையெல்லாம் டி.எல்.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எதிரே உட்காரப் போகிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விக்கு 30 ஆங்கிலம், அத்தனையும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. அந்தத் தேர்வில் ஒருவர் வாய் திறந்து ஒரு ஆங்கில வாக்கியம் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை. ஆகவே குறைவது அறிவு அல்ல, வாய்ப் பழக்கம். பயிற்சி அதைத்தான் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் செய்யப்போகும் இருபது நிமிடத்தை மூன்று நாளில் ஐந்தாறு முறை செய்து பார்த்துவிட்டுப் போனால் போதும்.

மாதிரி வகுப்புக் கணக்கு: நுண்ணிலைக் கற்பித்தல் (சக ஆசிரியர்களே குழந்தைகளாக உட்கார, சில நிமிடம் பாடம் எடுத்துப் பார்ப்பது) சுழற்சி, புத்தகப்படி 36 நிமிடம். கற்பிக்க 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. எட்டுப் பேர் குழுவில் எல்லோருக்கும் வர 288 நிமிடம் ஆகும். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. இதை 4 + 3 + 4 என்று வெட்டுங்கள்: நாலு நிமிடம் எடுக்கிறார், மூன்று நிமிடம் பேச்சு, உடனே அதே நாலு நிமிடத்தை மறுபடி எடுக்கிறார். ஒருவருக்கு 11, எட்டுப் பேருக்கு 88. ஐந்து குழுவும் ஒரே நேரத்தில் ஓடட்டும். அறைக்குள் மூன்று, வராண்டாவில் இரண்டு.

மறுபடி எடுப்பதை நேரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பின்னூட்டம் மனவருத்தம் மட்டும்தான்.

ஐந்து குழுவையும் இரண்டு கருத்தாளர்கள் பார்க்க முடியாது. குழுவில் ஒருவர் பார்வையாளர், அவர் கையில் ஒரே ஒரு கேள்வி உள்ள சீட்டு. முதல் சுற்றில் "சொல்லும் முன் செய்து காட்டினாரா?" இரண்டாம் சுற்றில் "நாலு நிமிடத்தில் குழந்தைகள் எத்தனை முறை பேசினார்கள்?" என்று கோடு போட்டு எண்ணுவது. "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்ற கருத்துக்குத் தடை.

இன்னொன்று. குழந்தையாக நடிக்கும் ஆசிரியர்கள் எப்போதும் சமர்த்துப் பிள்ளையாக நடிப்பார்கள், எல்லாப் பதிலும் சரியாக வரும். எடுப்பவர் நாலு நிமிடத்தில் பாடத்தை முடித்துவிட்டு எல்லாம் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்துவிடுங்கள்: "உனக்குப் பென்சில் இல்லை", "பக்கத்தில் இருப்பவனை இடிக்கிறாய்", "எதைக் கேட்டாலும் யெஸ் மிஸ்", "வாயே திறக்க மாட்டாய்". அப்போதுதான் அது வகுப்பு.

---

புள்ளி வைத்த எழுத்து

44 ஒலி ஒரு நாளில் தேறாது, தேவையும் இல்லை. முதல் ஆறு எழுத்தை மட்டும் எடுங்கள்: எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n). இந்த ஆறை மட்டும் வைத்தே மூன்றெழுத்துச் சொற்கள் பதினைந்துக்குக் குறையாமல் எழுதலாம். அகரவரிசையில் போனால் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் முடித்த பிறகும் கையில் இருக்கும் சொற்கள் சொற்பம்.

ஆனால் எழுத்து வரிசையைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியரின் வாயில் இருக்கிறது. பூனைக்கு உள்ள மூன்றெழுத்துச் சொல்லை உடைத்துச் சொல்லச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "க… ஆ… ட…" என்பார்கள். குழந்தை அதைச் சேர்த்தால் "கஆட" என்றுதான் வரும், பூனை வராது. குழந்தைக்குச் சேர்க்கத் தெரியவில்லை என்று நாம் எழுதி வைத்துவிடுவோம். தப்பு எங்கே? தமிழில் க என்பது க் + அ. எழுத்தைப் பார்த்ததும் அகரத்தோடு சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம்.

மருந்தும் தமிழிலேயே இருக்கிறது: புள்ளி. "எல்லா மெய்யையும் புள்ளி வைத்துச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வரி சொன்னால் ஆசிரியர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஸ அல்ல, ஸ். ப அல்ல, ப். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் இது புரியும், ஏனென்றால் மெய்யெழுத்து அதற்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கில ஃபோனிக்ஸ் கையேடுகளில் இந்த வழி இருக்காது. நம் குழந்தைகளுக்கு இது இலவசமாகக் கிடைத்த ஏணி.

அடுத்தது, நீட்ட முடிகிற ஒலி, நீட்ட முடியாத ஒலி. ஸ், ம், ன், ஃப், ல் இவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். ப், ட், க் வெடித்து நின்றுவிடும். சேர்த்துப் படிக்கப் பழக்கும்போது நீட்டுகிற ஒலியில் தொடங்கும் சொல்லையே முதலில் எடுக்க வேண்டும். எஸ்-ஏ-டி என்ற சொல்லை "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்தபடியே உயிரொலிக்குள் வழுக்கி, ட்-டில் நிறுத்துவது. கரும்பலகையில் மூன்று எழுத்தையும் ஒரு சாண் இடைவெளியில் எழுதி அடியில் விரலை நகர்த்துங்கள். இரண்டாவது முறை இடைவெளியைப் பாதியாக்கி எழுதுங்கள், மூன்றாவது முறை ஒட்டி. எழுத்துகள் நெருங்க நெருங்க ஒலியும் நெருங்கும்.

எழுத்தைக் காட்டும் முன்பே ஒரு வாரம், தினம் மூன்று நிமிடம், காதால் மட்டும் செய்யலாம். "டச் யுவர் ந்…ஓ…ஸ்" என்று உடைத்துச் சொன்னால் குழந்தை மூக்கைத் தொட வேண்டும். இதில் தடுமாறும் குழந்தைக்கு எழுத்துக் காட்டிப் பயனில்லை.

ஆசிரியர்கள் தங்கள் வாயைத் தாங்களே சோதிக்க மூன்று இடம்:

ஒன்று, ப-வில் இரண்டு ஒலி. பசை, பஸ் இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. குருவி, குரு அதே மாதிரி. ஆக, வேறுபாடு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை. நோட்டுத் தாளில் 2 செ.மீ அகலம், 15 செ.மீ நீளத்தில் ஒரு கீற்று வெட்டி உதட்டுக்கு முன் ஒரு விரற்கடை தள்ளித் தொங்க விடுங்கள். ஆங்கிலத்தில் 'பென்' என்று காற்றோடு சொன்னால் கீற்று ஆடும், 'பெல்' என்று மணியைச் சொன்னால் ஏறக்குறைய ஆடாது.

இரண்டு, சொல் முதலில் வரும் எ, ஒ. எலியை "யெலி" என்றும் ஒன்றை "வொண்ணு" என்றும் சொல்கிற நாக்கு, முட்டையை "யெக்" என்று சொல்லும். வாயை முதலில் ஒரு விரல் நுழையும் அளவு திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு குரலைத் தொடங்கினால் யகரம் ஒட்டாது.

மூன்று, சொல் கடைசியில் ஒட்டும் உகரம். புக்கு, பேட்டு, கப்பு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் குற்றியலுகரம் ஓடி வந்து கைகொடுக்கும். நன்னூல் படித்த ஆசிரியரிடம் இப்படிச் சொன்னால் வெட்கம் போய் சிரிப்பு வரும். கையை விரித்து வைத்துக்கொண்டு சொல் முடியும்போது முஷ்டியை மூடச் சொல்லுங்கள். முஷ்டி மூடிய பிறகு ஒலி கேட்கக் கூடாது.

---

யாழ் வலயம்

நல்ல பதிவு. ஒரு சின்னச் சேர்க்கை. எங்கட பக்கம் "ரீச்சர்", "ரிக்கெற்" என்று எழுதுறதைப் பார்த்து இந்தியத் தமிழர் சிரிக்கிறவை. காரணம் இருக்கு. வெற்றி, காற்று என்ற சொற்களில் வாற ற்ற-வை நாங்கள் நுனிநாக்கை மேற்பல் ஈறில் வைத்துத்தான் சொல்லுறம். ஆங்கில டி-யின் இடமும் அதுதான். தமிழ்நாட்டு ஆசிரியருக்கு அந்த இடத்தைக் காட்ட ஒரு வழி: "ன்" என்று சொல்லி நாக்கை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கோ, அந்த இடத்தில இருந்தே வெடித்து விடச் சொல்லுங்கோ. ட-வுக்குப் போற மாதிரி நாக்கு பின்னால வளையாது.

பேச்சா எழுத்தா என்ற கேள்விக்கும் ஒன்று. இலங்கையில் தரம் 1, 2 இல் எழுத்தில்லாத, செயற்பாட்டோடு கூடிய வாய்மொழி ஆங்கிலம்தான். 1999 கல்விச் சீர்திருத்தத்தோடு வந்தது. ஆங்கிலம் பாடமாகத் தொடங்குறது தரம் 3 இல். முதல் இரண்டு தரத்தில அதைச் செய்யிறவர் ஆங்கில ஆசிரியர் இல்லை, வகுப்பாசிரியர். யோசனை நல்லது. ஆனால் வகுப்பாசிரியருக்குத் துணிவு இல்லாத இடத்தில அது காலையில இரண்டு பாட்டோட முடிஞ்சு போயிடும். பிள்ளை பாட்டைப் பிழையில்லாமல் பாடும், "வெயார் இஸ் யுவர் பாக்?" என்று கேட்டால் முழிக்கும். பாட்டில் வாற வசனத்தை அன்றைக்கே வகுப்பில் ஒரு தேவைக்குப் பாவிக்க வைக்காட்டி அது சங்கீதம்தான், ஆங்கிலம் இல்லை.

---

ஆசிரியர் பயிற்றுநர் 7

யாழ் வலயம் சொன்ன பாட்டு விஷயம் முழுக்க உடன்பாடு. டி-யின் நாக்கு இடத்துக்கு மட்டும் பயிற்சி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. நாக்கை வளைத்து டேபிள் என்று சொன்னாலும் உலகத்தில் யாருக்கும் புரியும். ப-வின் இரண்டு ஒலி, ப–ஃப, ஸ–ஷ இவை குழம்பினால் வேறு சொல் ஆகிவிடும். 30 நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதை இந்த மூன்றுக்குக் கொடுங்கள். இங்கிலாந்துக்காரர் மாதிரி பேச வைக்கும் பயிற்சி இல்லையே இது.

---

யாழ் வலயம்

சரி, அது நியாயம். ஆசையுள்ளவை தேநீர் நேரத்தில பழகட்டும்.

---

சுவரொட்டி

ஃபோனிக்ஸ் பேச்சு வந்ததால்: வகுப்பில் தொங்கும் அகரவரிசைச் சார்ட்டைப் பயிற்சியிலேயே ஒருமுறை அலசுங்கள். முக்கால்வாசி சார்ட் ஒலிக்கு எதிராக வேலை செய்யும். ஐ-க்கு ஐஸ்க்ரீம் படம், அது எழுத்தின் பெயர், ஒலி அல்ல. இங்க் போடுங்கள். ஜி-க்கு ஜிராஃப் இருந்தால் ஜகர ஒலிதான் மனதில் நிற்கும். கோட் (ஆடு) போடுங்கள். ஓ-வுக்கு ஆந்தை, யூ-வுக்கு யூனிஃபார்ம் இரண்டுமே தப்பு. ஆரஞ்சும் அம்ப்ரெல்லாவும் சரி. எக்ஸ்-க்கு சைலஃபோன் படம் போட்டவர் அதைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. அந்த ஒலி பாக்ஸ், ஃபாக்ஸ் என்று சொல்லின் கடைசியில்தான் கேட்கும்.

எல்லோரும் நம்பும் ஆப்பிளிலும் ஒரு பள்ளம் உண்டு. நாம் தமிழில் "ஆப்பிள்" என்று நெடிலோடு சொல்கிறோம். அதனால் எறும்புக்கான சொல்லைக் குழந்தை "ஆண்ட்" என்று படிக்கும். 'பேங்க்' என்று பேச்சில் சொல்லும்போது வாய் போகிற இடம்தான் சரியான இடம். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆப்பிளுக்கு வரச் சொல்லுங்கள்.

---

கடைசி பெஞ்ச்

எல்லாம் சரி. வருகிற 40 பேரில் பாதிப் பேர் "எனக்கே இங்கிலீஷ் வராது, நான் எங்க பேசறது" என்று உட்கார்ந்திருப்பார்களே, அதற்கு என்ன வழி?

---

கேட்டுச் செய்

மூன்று நாளில் ஆங்கிலம் கற்றுத்தர முடியாது. ஆனால் 1–3 வகுப்பு நடத்தத் தேவையான ஆங்கிலம் மிகக் குறைவு. சுமார் 25 வாக்கியம். உட்கார், நில், வரிசை, புத்தகம் எடு, காட்டு, கொடு, வட்டம் போடு, மறுபடி சொல், பக்கத்தில் இருப்பவனிடம் கேள், நேரம் முடிந்தது. இதை அஞ்சலட்டை அளவு அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்து முதல் நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போடக் கூடாது, போட்டால் கண் அங்கேயே நிற்கும்.

பழக்கும் விதம்: நீளமான வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டுவது. "ரெட்." "த ஃபிஷ் ரெட்." "கலர் த ஃபிஷ் ரெட்." முன்னாலிருந்து கட்டினால் மூச்சு நடுவில் முறிந்து கடைசிச் சொல் விழுங்கப்படும். பின்னாலிருந்து கட்டினால் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம், வேகம் தானாக வரும். முதலில் எல்லோரும், பிறகு பாதி அறை, பிறகு வரிசை, பிறகு இருவர் இருவராக. கூச்சம் உள்ளவர் கூட்டத்தில் நாலு முறை சொன்ன பிறகு தனியாகச் சொல்லத் தயங்க மாட்டார். நேராகத் தனியாள் மேல் போனால் அந்த ஆள் மூன்று நாளும் உங்களுக்கு இல்லை.

கூச்சத்தைவிடப் பெரிய பிரச்சினை அதிகம் பேசுவதுதான். இதைப் பாருங்கள்:

"ஓகே சில்ட்ரன், நவ் வாட் யூ ஆல் ஹாவ் டு டூ இஸ், யூ ஹாவ் டு டேக் யுவர் க்ரேயான்ஸ் அண்ட் தென் யூ ஹாவ் டு கலர் த ஃபிஷ் விச் இஸ் இன் த பிக்சர், ஓகே, அண்டர்ஸ்டாண்ட்?"

"யெஸ் மிஸ்!" வகுப்பு அதிரும். ஒரு குழந்தைக்கும் புரிந்திருக்காது.

மாற்று: படத்தைத் தூக்கிக் காட்டி மீனைத் தொட்டு "ஃபிஷ்." சிவப்புக் க்ரேயானைத் தூக்கி "ரெட்." இரண்டு கோடு போட்டுக் காட்டி "கலர் த ஃபிஷ் ரெட்." பிறகு நீலத்தைத் தூக்கி "ப்ளூ?" என்று கேட்பது. "நோ!" வந்தால் புரிந்தது. அதன் பிறகுதான் தாளைக் கொடுக்க வேண்டும். தாளை முதலில் கொடுத்துவிட்டு விளக்கினால் கேட்க ஒரு காது இருக்காது.

விதியாகச் சொன்னால்: ஒரு கட்டளைக்கு ஐந்து சொல், ஒரு செய்கை, ஒரு சோதனைக் கேள்வி. "அண்டர்ஸ்டாண்ட்?" என்ற கேள்வியையே பயிற்சியில் தடை செய்யுங்கள். "டிட் யூ அண்டர்ஸ்டுட்?" என்ற பிழையும் அதோடு தானாகவே ஒழிந்துவிடும்!

கேட்டுச் செய்யும் விளையாட்டுக்குப் படி வரிசை முக்கியம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த, செயலோடு பதில் சொல்லும் முறைதான் இது. முதலில் ஆசிரியர் சொல்லித் தானே செய்கிறார். பிறகு குழந்தைகளோடு சேர்ந்து. பிறகு சொல்ல மட்டும், குழந்தைகள் செய்கிறார்கள். பிறகு வரிசையைக் கலைத்து. கடைசியில் ஒரு குழந்தை கட்டளையிடும். நம் வகுப்புகளில் இரண்டாம் படியிலேயே நிற்கிறது. ஆசிரியர் செய்வதைப் பார்த்துக் குழந்தை செய்யும், காது வேலை செய்யாது. மூன்றாம் படியில் ஆசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னும் நல்லது, "ஸிட்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பது.

---

இருமொழி

தமிழ் பேசலாமா கூடாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பதிலைத் தயாராக வையுங்கள்.

---

கேட்டுச் செய்

பயிற்சி அறையில் தமிழ் தாராளமாக. வகுப்பில் கூடியவரை ஆங்கிலம்.

---

இருமொழி

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் ஆங்கிலம் ஓடும். தமிழ் வருவது தப்பில்லை, வரும் இடம்தான் தப்பு. "டாக்னா நாய், கேட்னா பூனை" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் உடனே தமிழ் சொன்னால் குழந்தை ஆங்கிலச் சொல்லைக் கேட்பதையே விட்டுவிடும், தமிழ் வரத்தான் போகிறதே என்று காத்திருக்கும். படம், செய்கை, பொருள் எதிலும் காட்ட முடியாத சொல்லுக்கு மட்டும் ஆங்கிலம், தாழ்ந்த குரலில் ஒரே முறை தமிழ், மறுபடி உரக்க ஆங்கிலம். நாளைக்கு அதே சொல்லுக்குத் தமிழ் கிடையாது. விளையாட்டின் விதி சிக்கலாக இருந்தால் தமிழில் 20 வினாடியில் சொல்லிவிட்டு விளையாட்டை ஆங்கிலத்தில் நடத்துங்கள். அதை ஆங்கிலத்தில்தான் விளக்குவேன் என்று ஐந்து நிமிடம் போராடுவதில் யாருக்கும் லாபமில்லை.

குழந்தை தமிழில் பதில் சொன்னால்? "தண்ணி குடிக்கணும் மிஸ்" என்றால் "வாட்டர்? யெஸ், கோ" என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். "இங்கிலீஷ்ல சொல்லு" என்று நிறுத்தி வைத்தால் அது தண்ணீரே கேட்காது.

---

ஈராசிரியர்

நீங்கள் சொல்வதெல்லாம் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கணக்கு. மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கும் வழி சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1–3 வகுப்புகளுக்கு வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் மூன்று நிலைக்கும் மூன்று தனிப் பாடம் தயாரிக்கும் முறையில் பயிற்சி கொடுத்தால் ஆசிரியர் இரண்டாம் நாளே களைத்துவிடுவார். ஒரே படம், மூன்று வேலை என்று பழக்குங்கள். சந்தைப் படம் ஒன்று. முதல் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து: ஆசிரியர் சொல்வதைத் தொடுவது, "வாட் கலர்?", "ஹவ் மெனி?" அடுத்த 15 நிமிடம் பிரிவு: அரும்பு படத்தில் சொன்னதைச் சுட்டி வண்ணம் தீட்டும், மொட்டு சொல்லட்டையைப் படத்தோடு சேர்க்கும், மலர் "ஐ சீ…" என்று தொடங்கி மூன்று வாக்கியம் எழுதும். கடைசி 5 நிமிடம் மறுபடி எல்லோரும்: மலர் வாசிக்க, அரும்பு படத்தில் காட்டும். அந்தக் கடைசி ஐந்து நிமிடம் முக்கியம். தன் வாக்கியத்தைக் கேட்டு ஒரு சின்னப் பிள்ளை விரல் நீட்டும் என்று தெரிந்தால்தான் பெரியது கவனமாக எழுதும்.

அந்த 15 நிமிடத்தில் ஆசிரியர் எங்கே உட்கார வேண்டும்? அரும்போடு. பெரும்பாலும் எல்லோரும் மலரிடம் போய் நிற்கிறார்கள், நோட்டுத் திருத்தும் பழக்கத்தில்.

---

சுவரொட்டி

டிஎல்எம் தயாரிப்புக்கு அரை நாள் என்றால் அது முடிவெட்டும் கடையாகிவிடும். ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரு சார்ட் தாள். 22 × 28 அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு அட்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 × 11. 20 அடி அறையின் கடைசி வரிசைக்கு எழுத்து 2 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். படம் ஒரு பக்கம், சொல் மறுபக்கம். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும், நாம் படிக்கிறது என்று நம்பிவிடுவோம். ஸ்கெட்ச் பேனாவில் மஞ்சளும் ஆரஞ்சும் தூரத்தில் தெரியாது, கறுப்பு அல்லது கருநீலம். மினுமினுப்புத் தாள் ஒட்டும் போட்டி வேண்டவே வேண்டாம்.

கதைக்குத் தனியாக வரைய வேண்டாம். ஸ்டோரிவீவர் இணையதளத்தில் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 முதல் திறந்த உரிமத்தில் போட்டு வைத்திருக்கிறது, ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், இறக்கி அச்சடிக்கலாம். முதல் நிலைக் கதையே எடுங்கள், பக்கத்துக்கு ஒரு வரி.

---

நாலுகோடு நோட்டு

மிக்க நன்றி. ஒரு கேள்வி: பாடப்புத்தகம் அகரவரிசையில் போனால், எஸ்-ஏ-டி-பி வரிசையை எங்கே செருகுவது? அதோடு, இந்த 40 பேரும் தங்கள் குறுவள மையத்தில் (பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த மையம்) மற்றவர்களுக்கு இதையே எடுக்க வேண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது.

---

புள்ளி வைத்த எழுத்து

புத்தகத்தைத் தொட வேண்டாம். பாடவேளையின் முதல் 10 நிமிடம் மட்டும் ஒலிக்கு. ஆறு எழுத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு எழுத்து என்று ஓடாதீர்கள். "த", "ஸெட்", "வாஸ்" (the, said, was) போன்ற சொற்களை ஒலித்துப் படிக்க முடியாது, முழுச்சொல்லாகப் பார்த்து அறியட்டும், வாரம் மூன்று. எழுதும்போது பி-யும் டி-யும் (b, d) திரும்பினால்: சின்ன பி-க்கு முதலில் மட்டை, பிறகு பந்து. சின்ன டி-க்கு முதலில் பந்து, பிறகு மட்டை. இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றுத் தராமல் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

---

ஆசிரியர் பயிற்றுநர் 7

அடுக்குப் பயிற்சி பற்றி: இது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1950களின் கடைசியில் 27,000 ஆசிரியர்களை இலக்காக வைத்து மதராஸ் மாநிலத்தில் ஆங்கிலப் பயிற்சி நடந்தது. அதன் பெயரே மெட்ராஸ் ஸ்னோபால். பனிப்பந்து உருள உருளப் பெருக்கும் என்பது கணக்கு. நம்மூர் வெயிலில் பனிப்பந்து என்ன ஆகும் என்று பெயர் வைத்தவர் யோசிக்கவில்லை போல. அடுக்கில் இறங்க இறங்க முதலில் கரைவது செய்து பார்க்கும் பகுதி, கடைசிவரை மிஞ்சுவது பவர்பாயின்ட். மூன்று நாள் ஒரு நாளாகும், ஒரு நாள் இரண்டு மணி நேரமாகும், இரண்டு மணி நேரத்தில் யாரும் நாலு நிமிடம் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுக்கு வேண்டும் என்று மேலிருந்து கட்டாயம் வந்தால் முழுப் பயிற்சியையும் இறக்காதீர்கள். ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் இறக்குங்கள். உதாரணமாக, கட்டளைக்கு ஐந்து சொல், ஒரு செய்கை, ஒரு சோதனைக் கேள்வி. குறுவள மையக் கூட்டத்தில் 45 நிமிடம், ஸ்லைடு கிடையாது, வந்தவர் எல்லோரும் ஒரு முறை எழுந்து செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அடுத்த நுட்பம்.

தொடர்பார்வையை மூன்று வாரத்துக்குள் முடியுங்கள், அதன் பிறகு பழைய பழக்கம் திரும்பிவிடும். 20 நிமிட வகுப்புப் பார்வை, தாளில் நாலே வரி: செய்து காட்டினாரா, "அண்டர்ஸ்டாண்ட்?" எத்தனை முறை, மெய்யொலி புள்ளியோடு வந்ததா, தனியாகப் பேசிய குழந்தைகள் எத்தனை. பதிவேடு, பாடத்திட்டக் குறிப்பேடு எதையும் அன்று கேட்காதீர்கள். கேட்டால் அது ஆய்வு ஆகிவிடும், ஆசிரியர் அன்று காட்சி வகுப்பு எடுப்பார்.

---

நாலுகோடு நோட்டு

திருத்திய வரைவு:

முதல் நாள் காலை 25 வாக்கிய அட்டை, பின்னாலிருந்து கட்டும் பழக்கம், கேட்டுச் செய்யும் ஐந்து படி. மதியம் முதல் நுண்ணிலைச் சுற்று, 88 நிமிடம். இரண்டாம் நாள் காலை ஆறு எழுத்து, புள்ளி, காகிதக் கீற்று, சார்ட் அலசல். மதியம் இரண்டாம் சுற்று, ஒலி சேர்த்தல் மட்டும். மூன்றாம் நாள் காலை ஒரே படம் மூன்று வேலை, அட்டை ஒரு மணி நேரம். மதியம் மூன்றாம் சுற்று: திங்கட்கிழமைப் பாடத்தின் முதல் நாலு நிமிடம். முறைகளின் வரலாறு நீக்கம். 44 ஒலி ஒரு பக்கத் தாளாகக் கையில் கொடுத்துவிடுவது.

---

ஈராசிரியர்

மூன்றாம் சுற்றில் குழு பிரிக்கும்போது ஈராசிரியர் பள்ளிக்காரர்களைத் தனிக் குழுவாகப் போடுங்கள். அவர்கள் நாலு நிமிடமும் மூன்று நிலைக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதையே எடுக்கட்டும். அதுதான் அவர்களுக்குத் தடுக்குகிற இடம்.

---

கேட்டுச் செய்

மதியம் சாப்பிட்டதும் நேராகச் சுற்றுக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் எழுந்து நின்று கேட்டுச் செய்யும் விளையாட்டு, ஆனால் கட்டளையிடுவது பயிற்சிக்கு வந்தவர்களே, முறை வைத்து. யார் எந்த நாள் என்று காலையிலேயே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

சுவரொட்டி

கத்தரிக்கோல் எத்தனை வாங்கியிருக்கிறீர்கள்?

---

நாலுகோடு நோட்டு

பத்து.

---

சுவரொட்டி

நாலு பேருக்கு ஒன்று, வரிசை நிற்கும். மடித்து ஸ்கேல் வைத்துக் கிழிக்கச் சொல்லுங்கள், சார்ட் தாள் நேராகவே கிழியும். காகிதக் கீற்றை மட்டும் நீங்களே முன்னாடி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது.